திரெந்தும் என் அத்தானும்

கத்தோலிக்கர்கள் நல்லது செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்களாம். சீர்திருத்த சபைக்காரர்கள் ‘விசுவாசிக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இஷ்டத்துக்கு வாழ்கிறார்களாம். இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில், புகுந்தது சீர்திருத்த சபைக் குடும்பத்தில். இரண்டு பக்கப் பேச்சும் கேட்டவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இரண்டுமே பொய். சண்டை இல்லையென்று சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் இல்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணனை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இருவருக்கும் நடக்கும் வசன யுத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. அவர் எபேசியர் 2:8, 9-இல் தொடங்குவார்: இரட்சிப்பு கிருபையினாலே, கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், அல்ல. “பத்தாம் வசனத்தையும் படிங்க அத்தான், நற்கிரியை செய்யத்தான் நம்மைப் படைச்சார்னு இருக்கே” என்பேன். அப்புறம் யாக்கோபு 2:24-ஐ எடுப்பேன். மனுஷன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்று அங்கே பச்சையாக எழுதியிருக்கிறது. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தருக்கே அந்த நிருபம் தொண்டையில் சிக்கியது. 1522-இல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றார். இதைச் சொன்னால் அத்தானுக்குக் கோபம் வரும். இதற்குள் என் வீட்டுக்காரர் தூங்கியிருப்பார்.

ஒருமுறை வசனத்தை விட்டுவிட்டு, லூத்தருக்குப் பதில் சொல்லக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கத்தின் தீர்மானத்தையே அவர் முன்னால் வைத்தேன். லூத்தர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத 1547 ஜனவரியில் வெளியிட்டது. 16 அதிகாரங்கள், 33 விதிகள். முதல் விதி என்ன சொல்கிறது தெரியுமா? கிறிஸ்து வழியாக வரும் அருள் (அத்தான் பாஷையில் கிருபை) இல்லாமல், தன் சொந்தச் செயல்களாலேயே மனிதன் கடவுள் முன்னால் நீதிமானாக முடியும் என்று எவனாவது சொன்னால், அவன் சபிக்கப்படுவானாக. எட்டாம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வரும் எதுவும், அது விசுவாசமானாலும் சரி, செயலானாலும் சரி, அந்த அருளுக்கு நம்மைத் தகுதியாக்காது.

அத்தான் இரண்டு முறை படித்தார். “இதை உங்க ஆளுங்களா எழுதினாங்க?” என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அது ஒரு நிமிஷம்தான். பக்கத்தைத் திருப்பி ஒன்பதாம் விதியில் விரலை வைத்தார். விசுவாசம் ஒன்றே போதும், அதோடு ஒத்துழைக்க வேறு எதுவும் தேவையில்லை என்று சொல்பவனுக்கும் அதே சாபம். “இதுக்கு என்னம்மா சொல்ற?”

சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது 1541-இல் ரேகன்ஸ்பர்க் நகரில் நடந்த கூட்டம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். கத்தோலிக்கர் பக்கம் எக், குரோப்பர், ஃப்ளூக். சீர்திருத்தக்காரர் பக்கம் மெலங்க்தன், பூட்சர், பிஸ்டோரியஸ். போப்பின் தூதராக வந்தவர் கர்தினால் கொந்தாரினி. எந்த விஷயத்தில் மண்டை உடையும் என்று எல்லோரும் பயந்தார்களோ, அந்த நீதிமானாக்கப்படுதல் விஷயத்தில் உடன்பாடு வந்துவிட்டது! அதைப் பற்றிய ஐந்தாம் பிரிவை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. கூட்டம் உடைந்தது நற்கருணை என்னும் திருவிருந்திலும் திருச்சபையின் அதிகாரத்திலும்தான். அப்புறம் அந்த ஐந்தாம் பிரிவையும் யாரும் காப்பாற்றவில்லை. ஒட்டுப்போட்ட வேலை என்று லூத்தர் தள்ளினார், ரோமும் ஏற்கவில்லை. கொந்தாரினியைத் தன் பக்கத்து ஆட்களே சந்தேகப்பட்டார்கள். மறுவருஷமே அவர் இறந்துபோனார். நான் படித்த திருச்சபை வரலாற்றில் இவ்வளவு எரிச்சல் தரும் இடம் இன்னொன்று இல்லை.

அதே மாதிரி ஓர் உடன்பாட்டுக்கு அதன்பின் 450 வருஷங்களுக்கு மேல் ஆனது. 1999 அக்டோபர் 31, ஆகஸ்பர்க். கிருபையினால் மட்டுமே, நம் தகுதி எதையும் பார்த்து அல்ல, கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள், 2017-இல் கால்வின் வழிச் சபைகளின் உலக ஐக்கியமும் சேர்ந்தது. லூத்தரன்களிலேயே மிசௌரி சினாட் போன்றவர்கள் ஏற்கவில்லை. “எங்க சபையும் கையெழுத்துப் போடலை” என்று அத்தான் முடித்துக்கொண்டார்.

சரி, அப்படியானால் மிச்சம் என்ன? என் கணிப்பில் சிக்கல் இங்கே: கடவுள் ஒருவனை நீதிமான் என்று சொல்லும்போது அவனுக்குள் என்ன நடக்கிறது? லூத்தரின் பதில்: கிறிஸ்துவின் நீதி அவன் கணக்கில் வைக்கப்படுகிறது, அவன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும். திரெந்தின் பதில்: அருள் உள்ளே ஊற்றப்பட்டு ஆளையே மாற்றுகிறது, அது வளரலாம், சாவான பாவத்தால், அதாவது பெரும் பாவத்தால், அற்றுப்போகலாம், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பவும் கிடைக்கலாம். நற்செயல் பற்றிய தகராறு, இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம், இறந்தவர்களுக்கான ஜெபம் எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் கிளைவிடுகின்றன. சீர்திருத்த சபைகளை ஒரே மூட்டையாகக் கட்டவும் முடியாது. இரட்சிக்கப்பட்டவன் அதை இழக்கவே மாட்டான் என்பது கால்வின் வழியினரின் போதனை. இழக்கலாம் என்கிறார்கள் லூத்தரன்களும் மெதடிஸ்டுகளும். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் எங்கள் பக்கம்.

“இன்னைக்கு ராத்திரி செத்தா எங்க போவ?” என்பது அத்தானுக்குப் பிடித்த கேள்வி. மோட்சத்துக்கு என்று அவர் கண்ணிமைக்காமல் சொல்வார். எனக்கு அப்படிச் சொல்ல வராது. பிழையே வரமுடியாத உறுதியோடு தனக்கு அருள் கிடைத்துவிட்டது என்று யாரும் அறிந்துகொள்ள முடியாது என்று திரெந்தின் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. அது சரியென்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதை எங்கள் ஆட்களே தாங்கிக்கொள்வதில்லை. இல்லையென்றால் ஒன்பது முதல் வெள்ளி எதற்கு? தொடர்ந்து ஒன்பது மாதம் முதல் வெள்ளியன்று நற்கருணை வாங்கினால் அருளில்லாமல் சாகமாட்டோம் என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அந்த வயதில் எனக்குக் கடவுளைவிடக் காலண்டர்மேல்தான் பயம் அதிகம். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும் நிம்மதி கிடைக்காத லூத்தரை நான் கொஞ்சம் புரிந்துகொள்வது அதனால்தான்.

அத்தை படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டவர் அத்தான். நர்ஸ் வைக்கலாம் என்றால் கேட்கவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டி உருவி, புதியதை மறுபக்கத்திலிருந்து விரித்து, எல்லாம் தனியாகவே செய்வார். “இதெல்லாம் உங்களுக்குப் புண்ணியம் அத்தான்” என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. “எங்க அம்மாவுக்குச் செய்றதுக்குக் கணக்காம்மா?” என்றார். கடவுள் நம் தகுதிகளுக்கு முடிசூட்டும்போது தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்று ஆதித் திருச்சபையின் ஆசான் அகுஸ்தீன் எழுதியது அப்போது ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அத்தை போனபின் அவருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்றேன். “அம்மா கர்த்தரிடத்தில் இருக்காங்க. இனி எதுக்கு ஜெபம்?” அந்தக் குரலில் வாதம் இல்லை, அப்படி ஓர் உறுதி. எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் கோபமும் வந்தது. பூசை வைத்தேன். அவர் வரவில்லை, தடுக்கவும் இல்லை. 1999 அறிக்கை இந்த ஜெபத்தைப் பற்றிப் பேசவில்லை.

போன மாதம் அவர் வந்திருந்தபோது கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டில் 2011-ஆம் எண்ணைப் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். இந்த வாழ்வின் மாலையில் வெறுங்கையோடுதான் உம் முன்னால் நிற்பேன், என் செயல்களை எண்ணிப் பார்க்கும்படி உம்மைக் கேட்கவில்லை என்று ஒரு பெண் ஆண்டவரிடம் சொல்லும் இடம் அது. அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “நல்ல சாட்சி. இவங்க எந்தச் சபை?”

“கார்மேல் சபை” என்றேன். “கன்னியாஸ்திரி. லிசியே தெரேசா.”