முகட்டில் ஒட்டின வாயு

ஏழாம் தரத்துத் தவணைப் பரீட்சைக்கு நானே எழுதின வினா அது. "புகை என்பது திண்மம் / திரவம் / வாயு. பொருத்தமான சொல்லின் கீழ்க் கோடிடுக." புள்ளித்திட்டத்தில் 'வாயு' என்று எழுதியதும் நான்தான். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம், காட்டோரத்தில் சின்னப் பள்ளிக்கூடம். வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். தாள் திருத்த ஒரு பின்னேரம் போதும். ஒருத்தி மூன்று சொல்லுக்கும் கீழே கோடு போட்டிருந்தாள். பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தாள் கொடுத்த அன்று மேசையடிக்கு வந்து நின்றாள். சண்டை பிடிக்கிற முகமில்லை.

"சேர், வாயு எண்டால் எப்பிடி எங்கட குசினி முகட்டில ஒட்டிக் கிடக்குது?"

அவர்கள் குசினி கிடுகு வேய்ந்தது. அடுப்புக்கு வீரை விறகு. தகரம் போடலாமே என்று கேட்டால், புகை பிடித்த கிடுகைப் பூச்சி இலேசில் அரிக்காது என்று அவளுடைய அம்மம்மா சொல்லுவாவாம். "மழைக்கு மண்ணிறத் தண்ணி ஒழுகும் சேர். சட்டையில பட்டால் தோய்ச்சாலும் போகாது."

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். வாத்தியார்மாரை அதிகம் காப்பாற்றிய சொல் அதுதான்.

விடை தெரியாமல் அல்ல. உயர்தரத்தில் படித்தது. ஒரு பொருளுக்குள் இன்னொன்று நுண்துணிக்கைகளாகப் பரவிக் கிடந்தால் அது கூழ்ப்பொருள்; 1861இல் இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் பெயர் வைத்த அந்த வகையில் புகையும் சேரும். விறகு வேகும்போது வரும் காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு, நீராவி மூன்றும் வாயுக்கள்தான். ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாது. நாம் 'புகை' என்று கை காட்டுவது காற்றில் மிதக்கிற கரித்துணிக்கைகளையும் தார்த் துளிகளையும்தான். பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீற்றரிலும் சிறியவை, அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் சட்டென்று கீழே விழாமல் அலைகின்றன. முகட்டில் பட்டவை ஒட்டிக்கொள்கின்றன. கரி திண்மம், தார் திரவம், மிச்சம் வாயு. மூன்றுக்கும் கோடு போட்டவள் சரி. பிழை என் வினாவில். படித்ததை மறந்து, கைக்கு வந்த சுலபமான விடையை எழுதியிருந்தேன்.

அடுத்த நாள் ஒரு மெழுகுதிரியோடு போனேன். ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று எழும்பும். ஆவியான மெழுகு குளிர்ந்து நுண்துணிக்கைகளாகத் தெரிவது அது. திரிக்கு மேலே, அந்த நூலின் நடுவில் நெருப்புக்குச்சியைப் பிடித்தேன். சுவாலை நூல் வழியே இறங்கித் திரியைப் பற்றியது. வகுப்பு 'ஓ' என்றது. ஏழு தரம் செய்யச் சொன்னார்கள். எட்டாவதற்கு நெருப்புப்பெட்டி காலி. புகை எரியும் என்று அதுவரைக்கும் ஒருவரும் நினைத்ததில்லை.

பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துக் காணியில் மாடுகளுக்கு இலையான், நுளம்பு அண்டாமல் மூட்டம் போட்டிருந்தார்கள். பின்னால் பாலைமரம் கறுத்து நின்ற இடத்தில் புகை நீலமாகத் தெரிந்தது. அதே புகை உயர்ந்து வெளிச்ச வானத்தின் முன்னால் போனபோது மஞ்சள் கலந்த மண்ணிறம். துணிக்கைகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன, அதனால் ஊடுருவி வருகிற ஒளியில் நீலம் குறைகிறது என்று விளக்கினேன். பாதிப் பேருக்கு விளங்கியிருக்கும். இந்தப் பக்கத்துப் பெற்றோருக்குப் புகை என்றால் வேறு நினைவுகளும் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். ஒரு புள்ளி கூடினதில் அவளுடைய நிலை மாறவில்லை. அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

மாரி தொடங்கினதும் டெங்குக்குப் புகை அடிக்க வந்தார்கள். பூச்சிநாசினி கலந்த எண்ணெயைச் சூடாக்கி ஊதுகிற மெசின். வெளியில் வந்ததும் அது குளிர்ந்து பொடித்துளிகளாகிவிடும். பிள்ளைகளை மைதானத்தின் மறுகரையில் நிறுத்தி வைத்திருந்தோம். வெள்ளையாகப் பொங்கி வந்ததைக் கண்டதும் ஏழாம் தரம் முழுக்கக் கத்தியது: "அது புகையில்லை, திரவம்! திரவம்!"

மெசின் பிடித்தவர் அதை நிற்பாட்டிவிட்டு, ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்துத் தாங்கியைக் குனிந்து பார்த்தார்.