முள்ளங்கியும் முட்டைக்கோசும் கலந்தபோது

முள்ளங்கியின் வேரும் முட்டைக்கோசின் இலையும் ஒரே செடியில் கிடைக்கும் என்று எதிர்பார்த்த ரஷ்ய விஞ்ஞானிக்கு இரண்டும் இடம் மாறிக் கிடைத்தன என்று வகுப்பறைகளில் சிரித்தபடி சொல்வதுண்டு. கியோர்கி கார்ப்பெச்சென்கோ 1920களில் செய்த ஆய்வை இந்த ஒற்றைக் கதையோடு முடித்துவிடுவது பெரும் அநியாயம். கலப்பினம் ஏன் மலடாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காய்கறிச் செடி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இரு பயிர்களுக்கும் குரோமோசோம்கள் 18தான். எண்ணிக்கை ஒத்துப்போவதால் சிக்கல் இராது என்று தோன்றும். ஆனால் கலப்பினத்துக்கு முள்ளங்கியிலிருந்து 9, கோசிலிருந்து 9 என வந்து சேரும் குரோமோசோம்கள், மகரந்தமும் சூலும் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில் தமக்குரிய இணையைக் காணாமல் பெரும்பாலும் தனித்தனியே நின்று, செல்லின் இரு முனைகளுக்கும் ஒழுங்கின்றிப் பிரிந்து போகின்றன. ஒரு மகரந்தத்தூளுக்கு 7, இன்னொன்றுக்கு 11 என்று கிடைத்தால் எதுவும் பிழைக்காது. செடி செழித்து வளரும், பூத்துக் குலுங்கும், விதை மட்டும் பிடிக்காது.

அபூர்வமாகச் சில செல்களில் இந்தப் பிரிவு நடக்காமல் 18 குரோமோசோம்களும் ஒன்றாகவே தங்கிவிடும். அப்படிப்பட்ட மகரந்தமும் சூலும் சேர்ந்தபோது 36 குரோமோசோம்கள் கொண்ட செடி பிறந்தது. அதில் ஒவ்வொன்றுக்கும் இணை உண்டு என்பதால் 18 சோடிகள் அமைந்து, நல்ல விதை பிடித்தது. அதன் காயை உற்றுப் பார்த்தால் கீழ்ப்பாதி கோசின் காயைப் போலவும், மேற்பாதி முள்ளங்கிக் காயைப் போலவும் இருக்கும். இந்தச் செடியை மறுபடி முள்ளங்கியோடு கலந்தால் 27 குரோமோசோம்கள் சேரும். முள்ளங்கியின் 9 சோடிகள் அமைய, கோசின் 9 தனித்து நிற்பதால் வளம் மீண்டும் குன்றும். தன்னுள் வளமாகவும் பெற்றோருடன் கலக்கும்போது வளம் குன்றியும் இருக்கும் இந்தத் தன்மையால்தான் அதைப் புதிய இனமாகக் கருதினார்கள். இதைச் செய்து காட்டியவர் 1941இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

குரோமோசோம்களை இரட்டிப்பாக்க அவருக்குத் தற்செயல் மட்டுமே துணை. குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் கால்சிசின் என்ற வேதிப்பொருள் 1937இல்தான் அதற்குப் பயன்பட்டது. நம் செங்காந்தளிலும் உள்ளது அதேதான். பிற்காலத்தில் முள்ளங்கியின் ஆண் மலட்டுத்தன்மையை, அதாவது வளமான மகரந்தம் உண்டாகாத தன்மையை, கோசுக்குக் கொண்டுவந்தபோது, இலைக்குப் பச்சை நிறம் தரும் முள்ளங்கியின் பசுங்கணிகங்கள் கோசின் உட்கருவோடு ஒத்துப்போகாமல் குளிரில் இலைகள் வெளிறின. சுவர் நீக்கிய செல்களை இணைத்து, கோசின் பசுங்கணிகங்களையே திரும்பப் பெற்ற பிறகுதான் வீரிய ஒட்டு கோசு விதை உற்பத்திக்கு அந்த மலட்டுத்தன்மை கைகொடுத்தது.