ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, அப்புறம்? ஆசிரியர் பயிற்சி நடத்திய அனுபவம்

எங்கள் ஒன்றியத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கருத்தாளராக என்னையும் போட்டார்கள். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. கணினி தனியாகப் படித்ததில்லை. வகுப்பில் ப்ரொஜெக்டர் வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்த வட்டார வள மையத்துப் பயிற்றுநர், "டீச்சர், நீங்க வகுப்புல செய்யறதை மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்டதால் ஒத்துக்கொண்டேன். இப்போது பக்கத்து ஒன்றியங்களில் புதிதாகக் கருத்தாளர் ஆகிறவர்கள் எப்படி நடத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடிய பிறகு வாட்ஸ்அப் குழு தொடங்கிப் பாடம் அனுப்பியவர்கள் இவர்கள்தான். கல்வித் தொலைக்காட்சியில் எந்தப் பாடம் எத்தனை மணிக்கு வரும் என்று பிள்ளைகளின் வீடுவரை போய்ச் சொன்னவர்களும், திக்‌ஷா என்ற அரசுப் பாடத் தளத்தில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சிகளை இரவில் உட்கார்ந்து முடித்தவர்களும் இவர்கள்தான். தெரியாமை எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. தினமும் காலையில் வருகைப்பதிவு, அப்புறம் நலத்திட்ட விவரம், படிவம், போட்டோ என்று எல்லாமே போனில் நிரப்ப வேண்டியிருப்பதால், தொழில்நுட்பம் என்றாலே மேலே அனுப்ப வேண்டிய விவரம் என்று மனதில் பதிந்து போயிருக்கிறது. பாடம் நடத்த உதவும் பொருளாக அதை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. அதனால் பயிற்சி நாட்களில் பதிவேற்றச் செயலிகள் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம், அதற்குத் தனியாக வேறு நாள் வையுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். சரி என்றார்கள். இந்த ஒரு ஏற்பாடே பாதி வேலையை முடித்துவிட்டது என்பேன். நீங்களும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடம் முக்கியம். கூட்ட அரங்கில் நாற்காலி போட்டு, ஒருவர் ஸ்லைடு ஓட்ட மற்றவர்கள் குறிப்பெடுக்கும் பயிற்சியில் யாருக்கும் கை பழகாது. பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேபைக் கேட்டு வாங்கினோம். அங்கே இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரு கணினி கிடைத்தது. உட்கார வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமாகத் தெரிந்தவர் ஒருவரையும் தெரியாதவர் ஒருவரையும் எங்கிருந்தாவது சேர்த்து ஜோடி போடுவார்கள். நாங்கள் ஒரே பள்ளியிலிருந்து வந்த இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். அடுத்த வாரம் பள்ளியில் சத்தம் வரவில்லை, படம் வரவில்லை என்றால் அடுத்த வகுப்பறையில் இருப்பவரைத்தானே கூப்பிட முடியும்? கூடவே ஒரு விதியும் வைத்தோம். மவுஸ் எப்போதும் பழக்கம் குறைந்தவர் கையில்தான் இருக்க வேண்டும், தெரிந்தவர் வாயால் சொல்லலாம், கையை நீட்டக் கூடாது. இதைக் காப்பாற்றுவது லேசில்லை. தெரிந்தவர்களுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும், "நகருங்க டீச்சர், நான் காட்டறேன்" என்று எட்டிப் பிடித்துவிடுவார்கள். பயிற்சி முடியும்வரை நான் அதிகமாகச் சொன்னது "சார், கையை எடுங்க" என்பதுதான்.

வரும்போது எல்லோரும் பாடப்புத்தகத்தோடும், அடுத்த வாரம் எடுக்கப்போகும் ஒரு பாடத்தோடும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பொதுவாக மல்டிமீடியா, டிஜிட்டல் கல்வி என்று பேசினால் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். திங்கட்கிழமை வகுப்பில் எடுக்க வேண்டிய பாடம் என்றால் கவனமே வேறு மாதிரி இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் ஒயர் மட்டும்தான். எந்த ஒயர் எங்கே போகிறது, ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் எது, சத்தம் ஏன் போர்டில் வராமல் லேப்டாப்பிலேயே வருகிறது, எப்படி அணைக்க வேண்டும். ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்ப மாட்ட வேண்டும். நேரம் வீண் என்று சிலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல பள்ளிகளில் போர்டு துணி போர்த்தியே இருப்பதற்குப் பயம்தான் காரணம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள், உடைந்தால் யார் பதில் சொல்வது? "பழுதானா என் பென்ஷன்ல பிடிச்சுடுவாங்களா?" என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் நேராகவே கேட்டார். அதற்கு நான் பதில் சொன்னால் எடுபடாது. வட்டாரக் கல்வி அலுவலரை வரச்சொல்லி, வகுப்பில் பயன்படுத்தும்போது பழுதானால் ஆசிரியர் மேல் போட மாட்டோம், பழுது பார்க்கக் கோரிக்கை அனுப்பினால் போதும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தோம். அதற்கப்புறம்தான் ரிமோட்டை எல்லோரும் தைரியமாகத் தொட்டார்கள்.

அடுத்து க்யூஆர் குறியீடு. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களிலிருந்தே இது இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், ஆனால் வகுப்பில் பயன்படுத்தியவர்கள் குறைவு. மை கலங்கி அச்சானதை ஸ்கேன் செய்ய முடியவில்லை என்று பலரும் விட்டிருந்தார்கள். குறியீட்டுக்குக் கீழே ஆறு எழுத்தும் எண்ணுமாக ஒன்று அச்சாகியிருக்குமே, அதை திக்‌ஷா செயலியில் தட்டினாலே அதே பாடம் வந்துவிடும் என்பது அங்கிருந்த பலருக்குப் புதிய செய்தி. இன்னொன்று, வகுப்பு நேரத்தில் நெட்டை நம்பவே கூடாது. பயிற்சி நடந்த இடத்திலேயே நெட் போய்ப் போய் வந்தது. வீடியோவை வீட்டிலேயே செயலியில் இறக்கி வைத்துக்கொண்டால் பள்ளியில் நெட் இல்லாமல் ஓடும். இதை ஒவ்வொருவரும் செய்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஓட்டிக் காட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனோம்.

வீடியோ கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை. ஏழெட்டு நிமிட வீடியோவை முழுசாக ஓடவிட்டால் பிள்ளைகள் டிவி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் ஒரு பயிற்சி வைத்தோம். உங்கள் பாடத்து வீடியோவை ஓடவிடுங்கள், எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், நிறுத்தி என்ன கேட்பீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் விதை முளைக்கும் வீடியோவை வேர் வெளியே வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, "முதல்ல எது வரும், இலையா வேரா?" என்று எழுதியிருந்தார். கருத்தாளர்களான எங்களுக்கே அது தோன்றவில்லை. பல வருடம் பிள்ளைகளோடு இருந்தவருக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும், எந்த மென்பொருளும் அதைச் சொல்லித்தராது. மொத்தப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு மணி நேரம்.

அறிவியலுக்கு ஃபெட் தளத்துப் பாவனைகளை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளைக் காட்டினேன். கார்ல் வைமன் என்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், சில பாவனைகள் தமிழிலும் உண்டு, கோப்பாக இறக்கிவைத்தால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். மின்சுற்றுப் பாவனையில் ஒயர், பேட்டரி, பல்பு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்கலாம். ஒரு டீச்சர் பல்பு இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் நேராக இணைத்துவிட்டார். திரையில் பேட்டரி தீப்பிடித்து எரிந்தது. சட்டென்று மவுஸை விட்டுவிட்டார். "டீச்சர், எதுவும் ஆகலை, ஏன் எரியுதுன்னு யோசிங்க" என்றேன். பக்கத்து வரிசையில் இருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள், குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) பற்றி அங்கேயே பேச்சு ஓடியது. அப்புறம் எல்லோரும் வேண்டுமென்றே எரித்துப் பார்த்தார்கள். தொடரிணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் அணைகிறது, பக்க இணைப்பில் அணைவதில்லை, இதெல்லாம் நான் சொல்லாமலே அவர்களே கண்டுபிடித்தார்கள். உடனே டார்ச் பல்பு, செல், ஒயர் எடுத்துக் கொடுத்து மேசையில் அதையே செய்ய வைத்தேன். இதில் நான் பிடிவாதம். கையால் செய்யக்கூடிய சோதனையைத் திரையோடு முடிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். தீப்பிடிப்பதைக் காட்டத் திரை, பல்பு எரிவதைக் காட்ட உண்மையான பல்பு.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் மென்பொருள். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க இழுக்க மூன்று கோணங்களும் மாறுகின்றன, கூட்டுத்தொகை மட்டும் 180-லேயே நிற்கிறது. இதற்குப் பெரிய விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

நான் எதிர்பார்க்காத அளவுக்கு ஆர்வம் கிளம்பியது தமிழ் தட்டச்சில்தான். வினாத்தாள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கிறார்கள், வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது, போனில் படிக்கவே முடியவில்லை. தமிழக அரசு 2010-லேயே எந்தக் கணினியிலும் ஒரேமாதிரி தெரியும் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது, ஆனாலும் பழைய கோப்புகள் பள்ளிகளில் அப்படியே கிடக்கின்றன. பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் ஒரு பழைய வினாத்தாளை மாற்றிக் காட்டியதும், பென் டிரைவை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். புதிதாக அடிப்பவர்களுக்குப் போனில் குரல் தட்டச்சைக் காட்டினோம். ஓய்வுபெறப்போகும் வயதில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், காலையிலிருந்து பேசாமலே உட்கார்ந்திருந்தவர், போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று சொன்னார். எழுத்து வந்தது. அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்காமல் அரை வினாத்தாளை முடித்துவிட்டார். ர, ற மாறி வந்த இடங்களை ஒரு தமிழாசிரியையைப் போல ஒவ்வொன்றாகத் திருத்தவும் செய்தார்.

பயிற்சி நாள் இத்தோடு முடிகிறது, வேலை முடிவதில்லை. அதற்கப்புறம் நாங்கள் பள்ளிகளுக்குப் போனோம். ஆய்வுக்குப் போவதுபோல் போகக் கூடாது, அவர்கள் தேர்ந்தெடுத்த பாடத்தை நடத்தும்போது பின் பெஞ்சில் உட்கார்ந்து, ஒயர் கழன்றால் மாட்டிவிட்டு, மற்றபடி வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஒருமுறை முழுப் பாடமும் நடந்து முடிந்துவிட்டால் அடுத்த முறை அவர்களே தனியாக எடுக்கிறார்கள். யாரும் போகாத பள்ளிகளில் பெரும்பாலும் துணி போர்த்தியே இருந்தது, இதை மறைத்துப் பயனில்லை. போகிறவரும் ஆசிரியராகவே இருப்பது நல்லது. கேரளத்தில் 2001-இல் ஐடி@ஸ்கூல் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்சியாளர்களை எடுத்தார்கள். சக ஆசிரியர் சொல்லும்போது இருக்கும் நம்பிக்கை, கம்பெனியிலிருந்து வருகிறவர் டெமோ காட்டும்போது வருவதில்லை. என் வகுப்பை விட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போவதற்கு மாற்றுப் பணி ஏற்பாடு தேவை, அதற்கு அலுவலகம் ஒத்துழைக்க வேண்டும், இதைப் பயிற்சித் திட்டம் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தாங்கள் நடத்திய ஒரு பாடத்தின் கோப்பைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வகுப்பு, பாடம், எங்கே நிறுத்த வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்போடு. அடுத்த சுற்றில் ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்குத் தனிப் பயிற்சி கேட்டிருக்கிறோம். 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தின் அட்டைகளும் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும் வகுப்பில் திரை எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்போது அணைக்க வேண்டும் என்பது அவர்களின் முதல் கேள்வி. அதை அந்த வகுப்பு எடுப்பவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம், நான் அந்தச் சுற்றில் ஒயர் மாட்டுகிறவள் மட்டும்தான்.