அமெரிக்க வரலாறு பேப்பர்: ஓவர்சியர் கேள்விய நான் படிச்ச விதம்

எம்.ஏ. ஹிஸ்டரில அமெரிக்க வரலாறு பேப்பர் எடுத்திருக்கவங்களுக்குத்தான் இத எழுதுறேன். அடிமை முறைன்னு வந்தாலே நம்ம கைடுங்கள்ல காட்டன் ஜின், மிசோரி சமரசம், லிங்கன், முடிஞ்சது. தோட்டம் தினமும் எப்படி ஓடுச்சு, ஊர்லயே இல்லாத முதலாளி ஓவர்சியர (தோட்டத்துல அடிமைகள வேலை வாங்குற மேற்பார்வையாளர) வச்சு எப்படி வேலை வாங்கினான்ங்கற கேள்விக்கு நாலு வரிதான் இருக்கும், அதுவும் "கொடுமைப்படுத்தினர்"னு பொதுவா. அந்த நாலு வரிய எழுதினா பாஸ் ஆகிடலாம், மார்க் வராது.

எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது முதலாளிங்க கைப்பட எழுதின லெட்டரும் ரூல் புக்கும்தான். வாஷிங்டன், ஜெஃபர்சன் லெட்டர் எல்லாம் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்ங்கற வெப்சைட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, முதலாளி ஒரு ரூல் போடுறான்னா அந்த ரூல் நடந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, அது நடக்கலன்னுதான் திரும்பத் திரும்ப எழுதுறான். எந்த ரூலுக்குப் பின்னாடி என்ன பயம் இருக்குன்னு பாருங்க, ஆன்சர் தானா வந்துடும்.

முதல்ல வாஷிங்டன். பிரசிடென்டா ஃபிலடெல்பியால இருக்காரு, அவரோட தோட்டமான மவுன்ட் வெர்னன்ல அஞ்சு பண்ணை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓவர்சியர், அவங்களுக்கு மேல ஒரு மேனேஜர். வாரா வாரம் ரிப்போர்ட் வரணும். அந்த ரிப்போர்ட்டோட கணக்க ஒரு தடவை உத்துப் பாருங்க, ஒரு பண்ணைல இத்தனை ஆளு, தலைக்கு ஆறு நாள், மொத்தம் இத்தனை நாள் வேலை, அதுல உழவுக்கு எத்தனை, வேலி கட்ட எத்தனை, உடம்பு சரியில்லாம படுத்தது எத்தனைன்னு கூட்டல் டேலி ஆகணும். ஒரு நாள் காணாம போனாலும் அங்கிருந்து லெட்டர் வந்துடும், ஏன் இத்தனை பேரு படுத்தாங்க, நிஜமாவே காய்ச்சலான்னு. நாட்டையே ஆளுற மனுஷன் உட்காந்து யாரு எத்தனை நாள் படுத்தான்னு எண்ணிட்டு இருக்காரு! 1789-ல ஒரு ஓவர்சியருக்கு எழுதினதுல, உடம்பு கெடாத அளவுக்கு 24 மணி நேரத்துல எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேலை ஒவ்வொருத்தரும் செய்யணும்ங்கறாரு. உடம்பு கெடக்கூடாதுன்னு சொல்றத இரக்கம்னு மட்டும் எழுதிடாதீங்க, அந்த உடம்பு அவரு சொத்து. 1799 கணக்குப்படி அங்க 317 பேர் அடிமைகளா இருந்தாங்க.

இதுலயே ஒரு சம்பவம் இருக்கு, இத ஆன்சர்ல கண்டிப்பா வைங்க. 1792 கடைசில மேனேஜர் ஆன்டனி விட்டிங்குக்கு எழுதும்போது, ஓவர்சியருங்க அடிமைகள மாட்ட நடத்துற மாதிரி நடத்துறாங்க, நோயாளிய கவனிக்கிறதில்லன்னு குறைபட்டுக்கிறாரு. அப்புறம் மூணே மாசத்துல, 1793 ஜனவரில, அதே விட்டிங், ஷார்லட்னு தையல் வேலை பார்க்குற பொண்ண ஹிக்கரி குச்சியால அடிச்சேன்னு எழுதுறான். அந்தம்மா சும்மா இல்ல, என் மேல 14 வருஷமா அடி விழுந்ததில்ல, எஜமானி அம்மாகிட்ட சொல்றேன்னு எதிர்த்துப் பேசியிருக்கு. அதுக்கு வாஷிங்டன் பதில், நீங்க செஞ்சது ரொம்ப சரி, நல்லபடியா சொல்லிக் கேக்கலன்னா தண்டனைதான் வழின்னு. வாஷிங்டனோட இந்த ரெண்டு லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே பாதி ஆன்சர் ரெடி. ஓவர்சியர் மேல குறை சொல்றதும் இவருதான், அடிக்கிறதுக்கு பர்மிஷன் குடுக்குறதும் இவருதான்.

இன்னொண்ணு, ஓவர்சியர்னா வெள்ளக்காரன்தான்னு நிறைய பேர் எழுதுறாங்க. மவுன்ட் வெர்னன்லயே மடி ஹோல் பண்ணைல டேவிங்கற அடிமைதான் ஓவர்சியர், வெள்ளக்கார ஓவர்சியருங்க அளவுக்கு நல்லா பாக்குறான், அவங்கள விட சத்தமில்லாம பாக்குறான்னு வாஷிங்டனே எழுதியிருக்காரு.

ஜெஃபர்சனுக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம், ஒரு கேஸ் போதும். அவரோட மான்டிசெல்லோ தோட்டத்துல ஆணி அடிக்கிற பட்டறை, வேலை பூரா சின்னப் பசங்க. அவங்கள சவுக்கால அடிச்சா அவங்க மதிப்பே போயிடும், ரொம்ப மோசமான கேஸ்ல தவிர அடிக்காதீங்கன்னு 1801-ல எழுதுறாரு. ஆனா அங்க ஓவர்சியரா இருந்த கேப்ரியல் லில்லி, உடம்பு முடியாம கிடந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ்ங்கற பையன ஒரே நாள்ல மூணு தடவை அடிச்சான், இத ஜெஃபர்சனுக்கு இன்னொரு வேலைக்காரர் லெட்டர்ல தெரியப்படுத்துறாரு. பையன் ஓடிட்டான். லில்லிய ஜெஃபர்சன் துரத்தினாரா? இல்ல, என் நோக்கத்துக்கு இவனை விட நல்ல ஆள் கிடைக்காதுன்னு எழுதுறாரு. லில்லி வெளிய போனது சம்பளம் அதிகமா கேட்டதாலதான்.

1850-கள்ல வந்த ரூல் புக்குங்க வேற லெவல், ஆபீஸ் சர்குலர் மாதிரியே இருக்கும். சவுத் கரோலினால ரெண்டு பேர கம்பேர் பண்ணுங்க. நெல் தோட்டக்காரர் பிளவுடன் வெஸ்டன், 15 அடிக்கு மேல கூடாது, தப்பு தெரிஞ்சு 24 மணி நேரம் விட்டு அப்புறம் தண்டிச்சா நல்லது, அதுக்கு மேல வேணும்னா என்கிட்ட கேளுங்கறாரு. சில்வர் பிளஃப் தோட்டத்து முதலாளி ஹேமண்ட், ஒரு நாளைக்கு 100 அடிதான் உச்சம்ங்கறாரு, சவுக்கு நுனி எவ்வளவு அகலம்னு கூட எழுதி வச்சிருக்காரு. அதே ஹேமண்ட் புக்குல, அடிமைகள்லயே மேஸ்திரியா இருக்குற டிரைவர ஓவர்சியர் அடிக்கக் கூடாது, முதலாளி மட்டும்தான் அடிக்கலாம், டிரைவர் எப்ப வேணா முதலாளிய நேரா வந்து பாக்கலாம்னு இருக்கு. ஓவர்சியருக்குக் கீழ இருக்கறவன் வழியாவே ஓவர்சியர வேவு பாக்குறது, வேற என்ன.

ஏன் இவ்வளவு சந்தேகம்னா ஓவர்சியர் பெரும்பாலும் ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல வந்தவன். அதிக பருத்தி எடுத்துக் காட்டினா பேரு, அடுத்த வருஷம் வேற தோட்டத்துல நல்ல சம்பளம், ஆளுங்க தேஞ்சு போனா அவனுக்கு நஷ்டம் இல்ல. முதலாளிக்கு விளைச்சலும் வேணும், ஆளோட விலையும் குறையக் கூடாது. மிசிசிப்பில தாமஸ் அஃப்லெக் அச்சடிச்சு வித்த கணக்கு லெட்ஜர்ல ஒரு பக்கம் தினமும் ஆளுக்கு எத்தனை பவுண்டு பருத்தி, இன்னொரு பக்கம் வருஷ ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒவ்வொரு அடிமையோட விலை. தினக் கணக்க எழுதி வைக்கிறது ஓவர்சியர் வேலை. இந்த இழுபறிய ஒரு பாராவா எழுதுங்க, டயக்ராம் எல்லாம் வேணாம். ஷார்லட் மாதிரி ஆளுங்க இந்த இடைவெளிய தெரிஞ்சுதான் மேல இருக்கறவங்ககிட்ட புகார் பண்ணுவேன்னு மிரட்டுறாங்க, அதையும் அங்கயே சேத்துடுங்க.

முதலாளி பேப்பர மட்டும் வச்சு எழுதினா ஒரு பக்கமாப் போயிடும், அதனால அடிமையா இருந்து தப்பிச்ச ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல எழுதின சுயசரிதைல இருந்து ஒரு சம்பவம் வைங்க. மேரிலாந்துல கர்னல் லாய்டு தோட்டம், ஆஸ்டின் கோர்னு ஓவர்சியர். அடி தாங்காம டெம்பிங்கற அடிமை ஓடைல இறங்கி நிக்கிறாரு, கோர் மூணு தடவை கூப்பிடுறான், வரல, சுட்டுடுறான். விசாரணைன்னு ஒண்ணுமே இல்ல, முதலாளிகிட்ட சொன்ன விளக்கம் போதுமா இருந்துச்சு.

எக்ஸாம் ஹால்ல டைம் பத்தலன்னா அஃப்லெக்க ஒரு வரில முடிச்சுட்டு, ஜெஃபர்சன விட்டுடுங்க, வாஷிங்டன் லெட்டர் ரெண்டும் வெஸ்டன், ஹேமண்ட் கம்பாரிசனும் டெம்பியும் இருந்தா 15 மார்க் கேள்விக்கு தாராளம்.