பணித்தளத்துக்குப் போகுமுன் 52 நாள்

ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்து மலைக்கிராமங்களுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டும் பத்து நாள் கிறிஸ்தவ ஊழியப் பயணம்தான். முதல் முறை என் ஆவிக்குரிய ஆயத்தம் இரண்டு நாள் உபவாசமும் 45 நிமிஷப் பிரசங்கம் ஒன்றும், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கம் கன்வென்ஷன் பந்தலில் வளர்ந்தவனுக்குப் பேசத் தெரிந்தால் போதும் என்ற நினைப்பு.

நான் தமிழில் சொன்னதை மிஷனரி அண்ணன் இந்தியில் சொல்ல, அதை உள்ளூர் ஊழியர் அந்த மலைமக்கள் பேசும் மால்தோ மொழியில் சொன்னார். பத்தாவது நிமிஷம் ஒரு தாத்தா எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். சற்று நேரத்தில் எந்த வசனத்தில் நிற்கிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது. அன்றிரவு அண்ணன், "தம்பி, நாளைக்கு அஞ்சு நிமிஷம் பேசுங்க. மீதி நேரம் அவங்க பேசுறதைக் கேளுங்க" என்றார். கேட்பதற்கு நான் ஆயத்தமாகப் போயிருக்கவே இல்லை.

அடுத்த முறை ஆறு பேர் போனோம். லூக்காவில் 24 அதிகாரம், அப்போஸ்தலர் நடபடிகளில் 28. நாளுக்கு ஒன்று என்று 52 நாள் வாசித்தோம். ஒரே ஒரு கட்டுப்பாடு, பிரசங்கக் குறிப்பு எடுக்கக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி கூடும்போது, அந்த வாரம் எந்த வசனம் குத்தியது என்று மட்டும் சொல்ல வேண்டும். குறிப்பு எடுக்காமல் வேதம் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

லூக்கா 10-ஐ வாசித்த பிறகு அதைப் பற்றிய பேச்சு ஒரு வாரம் ஓயவில்லை. அனுப்பப்பட்டவர்கள் முன்னே வைக்கிறதைச் சாப்பிட வேண்டும், வீட்டுக்கு வீடு மாறக் கூடாது. அப்படியானால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா, அது அவிசுவாசமா என்று ஒரு சண்டை. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மலேரியாவும் உள்ள இடம், டாக்டரைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. விசுவாசத்தை அதில் காட்ட வேண்டாம். ஆனால் மக்காச்சோளக் கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிக்க மனசைப் பழக்கலாம். அதற்கு நடபடிகள் 10 உதவியது. யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் போகுமுன் மாற வேண்டியிருந்தது, சாப்பாட்டில் தீட்டுப் பார்த்த பேதுருவும்தான்.

என்னை உலுக்கியது வேறு. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5 எனக்கு மனப்பாடம். பெரியப்பா மகனோடு வேலித் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சில்லை என்பதும் சபைக்கே தெரியும். கிளம்ப பத்து நாள் இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போனேன். உட்கார் என்று சொல்லவில்லை. திண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, "காப்பி குடிக்கியாடே?" என்றார். வேலி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ராத்திரிதான் பல மாதம் கழித்து ஒழுங்காக ஜெபிக்க முடிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தால், உபவாசத்துக்கு முன்னால் அங்கே போய்விட்டு வாருங்கள்.

பிஸ்கட், போர்வை என்று மூட்டை கட்ட வேண்டாம் என்று மிஷனரி அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆசை காட்டி மதம் மாற்றுவதை ஜார்க்கண்டின் 2017 சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கொடுக்கிற கை என்ற பெருமையை இறக்கி வைக்காமல் மலை ஏறுவது சரியில்லை. போட்டோ விஷயமும் அப்படித்தான். கேட்காமல் எடுப்பதில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டோம்.

அப்புறம் மொழி. மால்தோவும் திராவிட மொழிதான். 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்'. நம் பக்கத்திலிருந்து தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்கு மிஷனரியாகப் போன அசரியா தெலுங்கு கற்றுக்கொண்டார். பத்து நாளில் அது நடக்காது. இருபது வார்த்தையாவது ஜெபத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

கடைசி ராத்திரி ஒரு பாட்டி எங்கள் ஆறு பேர் தலையிலும் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். மொழிபெயர்க்க அண்ணன் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இடையிடையே 'ஏன்', 'நீன்' மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது.