மயிலத்தமடு போராட்டத்தில் ஆளைப் பிடித்தால்: கடிகாரமும் கடதாசியும்

மயிலத்தமடு, மாதவனைத் தகராறு வெறும் மாட்டுக்கும் சோளத்துக்குமான சண்டையாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். மட்டக்களப்பும் பொலன்னறுவையும் முட்டிக்கொள்ளும் எல்லையிலுள்ள மேய்ச்சல் தரை அது. காணி மகாவலி அதிகாரசபையின் பேரில். மாடு நம்முடைய பண்ணையாளர்களுடையது. சேனைப் பயிர் வெளியிலிருந்து வந்தவர்களுடையது. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். நவம்பர் 5ஆம் திகதி, அவர்களுக்கு ஆதரவு தெரிவித்துத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்களைப் பொலிஸ் பிடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மாவட்டக் கச்சேரியும் பிரதேச செயலகமும் பூட்டிக் கிடக்கும் நாளில் வீட்டார் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொலிஸ் நிலையத்தில் முதலில் கேட்க வேண்டியது "ஏன் பிடித்தீர்கள்" என்றல்ல, "எந்தச் சட்டத்தில் பிடித்தீர்கள்" என்று. மற்றதெல்லாம் அந்தப் பதிலில்தான் தொங்குகிறது. சாதாரண சட்டமென்றால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவுப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். ஞாயிறு, போயா என்று இந்தக் கணக்கு நிற்காது. லீவு நாளென்றால் நீதவானின் வாசஸ்தலத்துக்குக் கொண்டுபோவார்கள். "திங்கட்கிழமை கோட்டுக்கு வாங்க" என்று யாராவது சொன்னால், கைது செய்த நேரத்தை அங்கேயே எழுதி வைத்துக்கொண்டு சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து ஆளுக்காகப் பேசலாம். அதற்கு 2012இலேயே விதி போட்டாயிற்று.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கதை வேறு. 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். 9ஆம் பிரிவில் தடுப்புக் கட்டளை வந்துவிட்டால் ஒரு தடவைக்கு 3 மாதமாக நீட்டிக்கொண்டே போகலாம். உச்சம் 18 மாதமாக இருந்ததை 2022 திருத்தம் 12 ஆக்கியது. பெரிய தளர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2021 மே 18இல் கல்குடாப் பக்கம் கடற்கரையில் போரில் இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றி இந்தச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்குப் பிணை கிடைக்க டிசம்பர் ஆனது. சிலவேளை 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தையும் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) இழுப்பார்கள். அதில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும்.

சட்டவிரோதக் கூட்டம், வீதியை மறித்தல் போன்ற சாதாரணக் குற்றச்சாட்டென்றால் பெரும்பாலும் சரீரப் பிணைதான், அதாவது ஆட்கள் பொறுப்பு நின்று எடுக்கும் பிணை. இங்கேதான் வீட்டார் தடுமாறுவது. பிணையாளர் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும், கிராம சேவகரின் வதிவிடச் சான்று வேண்டும், அதில் பல இடங்களில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒப்பத்துக்கு எங்கே போவது? நீதவான் பிணை கொடுத்தும் கடதாசி இல்லாமல் ஆள் விளக்கமறியலுக்குப் போவது இப்படித்தான். போராட்டம் அறிவித்த கிழமையிலேயே இரண்டு மூன்று பேருக்குச் சான்று எடுத்து வைத்துவிடுங்கள். பழைய திகதிச் சான்றைக் கோட்டில் ஏற்காமல் விடலாம், ஆகவே புதிதாக எடுங்கள்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் போடக்கூடாது. தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். வற்புறுத்தினால் கையொப்பத்துக்குப் பக்கத்திலேயே "வாசித்துக் காட்டவில்லை" என்று தமிழில் எழுதுவது நல்லது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக நிற்கும். அங்கே இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். போனைப் பறித்தால் பறித்த பொருட்களின் பட்டியல் கேளுங்கள். *#06# அடித்து வரும் போனின் அடையாள இலக்கத்தை (IMEI) முன்கூட்டியே வீட்டில் எழுதி வைத்திருந்தால் பிறகு "இது வேறு போன்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பொலிஸ் ஆளை அடித்திருந்தால் நீதவானிடம் வாயால் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். காயம் ஆறும் முன்னமே.

போராட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு வரும் தடையுத்தரவையும் மறக்கக்கூடாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவில் பொலிஸ் மட்டும் நீதிமன்றம் போய் வாங்கி வருவது. பெயர், இடம், திகதி மூன்றையும் பாருங்கள். சாதாரணமாக 14 நாளுக்கு மேல் செல்லாது. நகர்த்தல் மனுப் போட்டு அதே நீதிமன்றத்தில் மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். மீறினால் அதுவே தனி வழக்கு. ஊர்வலம் போவதென்றால் 6 மணித்தியாலத்துக்கு முன் பொலிஸுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிப்பது பிடித்தவரின் கடமை. அவர் செய்வார் என்று இருக்காமல் நீங்களே ஆணைக்குழுவின் 1996 தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கள், மட்டக்களப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். உயர் நீதிமன்றத்தில் 126ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பிரதியை மட்டும் காட்டினால் போதாமல் போகலாம். விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்ட ஆணைக்குழு அனுப்பிய ஒவ்வொரு கடிதமும் வேண்டும். உறையையும் எறியாதீர்கள், தபால் முத்திரையில் திகதி இருக்கும்.