ஃபோட்டோவில் ஹம்மிங்பேர்ட் சிறகு தெளிவாக விழ

கிழக்கு அமெரிக்கத் தோட்டங்களுக்கு வரும் ரூபி த்ரோட்டட் ஹம்மிங்பேர்ட் என்ற தேன் குடிக்கும் குட்டிப் பறவை நொடிக்கு 50 தடவை போல சிறகடிக்கும். கேமரா ஷட்டரை 1/4000 நொடி வைத்தாலும் சிறகு முனை கலங்கும். அசைவை நிறுத்துவது ஃப்ளாஷ்தான். அதன் பவரை முழு அளவில் 1/16 அல்லது அதற்கும் கீழே இறக்குங்கள். பவர் குறையக் குறைய வெளிச்சம் பாயும் நேரமும் சுருங்கும். ஷட்டர் 1/200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 11 போதும். ஹைஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டருக்கான ஃப்ளாஷ் முறை) வேண்டவே வேண்டாம், அதில் வெளிச்சம் நீண்டு சிறகு மறுபடி கலங்கும். ஃபீடர் (பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் குப்பி) நிழலில் தொங்கட்டும். வெயில் பட்டால் சிறகைச் சுற்றி மங்கலாக இன்னொரு பிம்பம் விழும்.

400 எம்எம் லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாவிட்டால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே 25 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் (கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்) மாட்டுங்கள். தூரத்து ஃபோகஸ் போய்விடும், பரவாயில்லை.

ஃபீடரில் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். சிவப்புச் சாயமோ தேனோ தயவுசெய்து கலக்காதீர்கள். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள்.